அஞ்சாவது தாய்மாமன்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்கண்ணே, எனக்கு வெயில் ஆகாது. மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். காதுல என்ன, பாட்டா? கேளுங்க கேளுங்க. நான் தொந்தரவு பண்ண மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். இப்ப ஓடுதே அந்தப் பாட்டு, அதுல வயலின் வாசிச்சது யாருன்னு தெரியுமா? தெரியாதுல்ல? யாருக்குமே தெரியாதுண்ணே. பாடுனவுகளைத் தெரியும், நடிச்சவுகளை நல்லாவே தெரியும். வாசிச்சவன் பேரை எவன் கேக்குறான்? நான் கேப்பேன். ஒரு ஆளு வேலை செஞ்சா அந்த ஆளு பேரைப் போடணும். அதுல நான் ரொம்பக் கறாரு.

சிரிக்காதீங்க. இந்தப் பேரு விஷயத்துல போன தீபாவளிக்கு ஒரு கல்யாண வீடே ரெண்டாப் போகப் பாத்துச்சு. கூடப்பொறந்த அண்ணன் ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். கமுதியில. சொல்லட்டுமா? காதுல இருக்கிறதைக் கழட்டிட்டீங்க, அப்ப சொல்லுறேன்.

அருப்புக்கோட்டையில ஸ்டூடியோ வச்சிருக்கேன். பாண்டி டிஜிட்டல். சௌந்திரபாண்டின்னா பந்தக்காரன்ல இருந்து சமையக்காரன் வரைக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எல்லாத்துக்கும் வீடியோ நம்மதான். முன்னெல்லாம் என்ன பண்ணுவோம்? தாலி கட்டுற இடத்துக்கு ஒரு சினிமாப் பாட்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் வரப்புல கையப் பிடிச்சு நடக்குற இடத்துக்கு ஒரு சினிமாப் பாட்டு. எடிட்டிங் சாப்ட்வேரு? அதுவும் திருட்டு சாப்ட்வேருதான். இதுல வெக்கப்பட என்ன இருக்கு, எங்க தொழில்ல அதைக் காசு குடுத்து வாங்குனவனை நான் கண்ணால பாத்தது கிடையாது.

நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வச்சான் பாருங்க ஆப்பு. ஒரு மாப்பிள்ளையோட அண்ணன் சிங்கப்பூர்ல. லீவு கிடைக்காம கல்யாணத்துக்கு வர முடியல. அவருக்காக முழுப் படத்தையும் நெட்டுல ஏத்திவிட்டோம். சினிமாப் பாட்டு வச்சிருக்கேன்னு அந்த நெட்டுக்காரன் மொத்தச் சத்தத்தையும் அமுக்கிட்டான். தவில்காரரு போட்டு அடிக்கிறாரு, சத்தம் இல்ல. எல்லாரும் அட்சதை போடுறாக, சத்தம் இல்ல. சிங்கப்பூர்ல இருந்து போனு. "ஏங்க, என் தம்பி கல்யாணத்தை ஊமைப்படமாவா எடுத்து வச்சிருக்கீங்க?" எனக்கு மானமே போச்சு. அந்த மாசமே திருட்டு சாப்ட்வேரோட ஒரு வைரசும் வந்து, எடிட் பண்ணாம கிடந்த நாலு கல்யாணத்தைப் பூட்டுப் போட்டு வச்சிருச்சு.

அப்பத்தான் ஓப்பன் சோர்சுக்கு மாறுனோம். யோசனை வீட்ல சொன்னதுதான். வீட்லன்னா என் சம்சாரம். பி.காம். படிச்சவ. சோறாக்கி வச்சிட்டுக் கடைக்கு வந்துருவா, சும்மாதானே இருக்கான்னு சிஸ்டத்துல உக்கார வச்சிருக்கேன். அவ சொன்னா, "ஏங்க, ஊரு உலகத்துல உள்ளவங்க எல்லாம் சேந்து சாப்ட்வேர் எழுதி, யாரு வேணா எடுத்துக்கங்கன்னு விட்டிருக்காங்க. திருடவே வேண்டாம். பாட்டும் அப்படியே இருக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போடி இவளே! ஓசியில ஒருத்தன் குடுக்குறான்னா அதுல என்னமோ வில்லங்கம் இருக்கு. ஒண்ணு அது ஓடாது, இல்ல ஓடி நம்மளைக் கவுத்துரும்." ஆறு மாசம் ஏசிக்கிட்டே இருந்தேன். அவ பாட்டுக்கு உக்காந்து கத்துக்கிட்டா. இப்பப் பாத்தீங்கன்னா, நம்ம ஏரியாவுலயே முழுக்க முழுக்க ஓப்பன் சோர்ஸ்ல ஓடுற ஒரே ஸ்டூடியோ நம்மதுதான். எங்க போனாலும் இதைச் சொல்லுவேன். ஒருத்தன் முதல்ல துணிஞ்சு இறங்கணும்ணே. நான் இறங்குனேன்.

வைரஸ் இல்ல, பூட்டு இல்ல. பாட்டும் ஓசிதான், ஆனா அதுக்கு ஒரு கண்டிஷன் உண்டு. வாசிச்ச ஆளு பேரைப் போடணும். அவ்வளவுதான். எவ்வளவு வேணா வெட்டிக்க, ஒட்டிக்க, எங்க வேணா போட்டுக்க, பேரை மட்டும் விட்டுறாத. அதுக்குப் பேருதான் லைசென்ஸு.

போன ஆவணியில கமுதியில ஒரு கல்யாணம். பொண்ணு துர்காதேவி, பெங்களூர்ல வேலை. அந்தப் படத்துக்கு வீட்ல ஒரு பாட்டுத் தேடி எடுத்தா. பாட்டுன்னா பாட்டு இல்ல, வெறும் வாசிப்பு. மிலோஷ் ஹ்ராடெக்குன்னு ஒருத்தரு, செக்கு நாட்டுக்காரரு. நம்ம வயலினை ஆளுயரத்துக்குச் செஞ்சு தரையில ஊன்றி வாசிச்சா எப்படி இருக்கும், அந்த வாத்தியம். தொண்டை கட்டுன ஆம்பளை மெதுவா அழுகுற மாதிரி ஒரு சத்தம். தாய்மாமன் சீர் வர்ற இடத்துல அதைப் போட்டிருந்தா. நான் கூடச் சொன்னேன், "சீருக்கு எதுக்குடி அழுகை, நல்ல குத்துப்பாட்டா போடு"ன்னு. கேக்கல.

தலைதீபாவளிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வந்திருக்காக. அன்னைக்குத்தான் படம் போட்டுப் பாக்குறதுன்னு ஏற்பாடு. என்னையும் கறிச்சோத்துக்குக் கூப்பிட்டிருந்தாக. போனேன். வெள்ளாட்டுக் கறி வெந்துக்கிட்டு இருக்கு, மணம் தெரு வரைக்கும் அடிக்குது. சோறு வேகுறதுக்குள்ள படத்தைப் பாத்துருவோம்னு பெரிய டிவியில போட்டாச்சு. நாப்பது பேரு இருப்பாக.

படம் ஆரம்பத்துல எல்லாரு பேரும் வரும்ல, பத்திரிகையில போடுற மாதிரி? தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தப்பா, தாய்மாமன்மார் நாலு பேரு. நாலு பேரும் ஒரே ஸ்க்ரீன்ல, பொடி எழுத்துல, சர்ருன்னு ஓடிருச்சு. படம் நல்லபடியா முடிஞ்சுது. ஆளாளுக்குக் கண்ணைத் தொடைக்கிறாக. கடைசியில என் பேரு பொடியா வந்து போச்சு, அதுக்கப்புறம் கருப்பா ஒரு ஸ்க்ரீன் வந்து, நடுவுல, தனியா, பெருசா ஒரு பேரு. "இசை: மிலோஷ் ஹ்ராடெக்." அஞ்சு செகண்டு அப்படியே நின்னுச்சு.

மூத்த தாய்மாமன் எந்திரிச்சாரு. வழிவிட்டான்னு பேரு, அந்தப் பக்கத்துப் பேருதான். செங்கச் சூளை வச்சிருக்காரு. பொண்ணோட அம்மாவுக்கு ஒரே கூடப்பொறந்த அண்ணன், மத்த மூணு பேரும் சித்தப்பா பெரியப்பா மகனுங்க. "யாருப்பா அது?"ன்னாரு. "ஏழு தாம்பூலத் தட்டு, பட்டு, மாலை, தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தவன் நான். என்னை நாலோட ஒண்ணாப் பொடி எழுத்துல ஓட விட்டுட்டு, எவனோ ஒருத்தனுக்குத் தனி இடம். யாரு அவன்?"

பின்னாடி இருந்து ஒரு அத்தை, சும்மா இருக்கக் கூடாதா? "துர்கா வேலை பாக்குற கம்பெனி மேனேஜரா இருக்கும்"னுச்சு. மாப்பிள்ளை டக்குன்னு பொண்ணைப் பாக்குறாரு. பொண்ணு, "அய்யோ அத்தே, எங்க மேனேஜர் ஒரு லேடி"ங்குது. அதுக்குள்ள எல்லாரும் என்னையப் பாக்குறாக.

நான் என்ன சொல்லட்டும்? நாப்பது பேரு, கறி வேற வெந்துக்கிட்டு இருக்கு. "தெரியலையே, கம்ப்யூட்டர் தானாப் போட்டிருக்கும்"னேன்.

வழிவிட்டான் மாமா துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. "இந்தப் பேரை எடுக்காம இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு, கை நனைக்காமப் போயிட்டாரு. தலைதீபாவளி அன்னைக்கு, தாய்மாமன், கை நனைக்காம! பொண்ணோட அம்மா வாசல் வரைக்கும் ஓடி, "அண்ணே, அண்ணே"ன்னு அழுகுது. அதுக்கப்புறம் அந்த வீட்ல யாருக்குச் சோறு எறங்கும்? எனக்கும் எலை போடல. போட்டிருந்தா சாப்பிட்டிருப்பேன், அது வேற விஷயம்.

நேரா வீட்டுக்கு வந்தேன். "அந்தப் பேரை எடு"ன்னேன். "முடியாது"ன்னா.

என்னங்கண்ணே, கல்யாணமாகிப் பதினொரு வருஷம். சட்டை அயர்ன் பண்ணுன்னா பண்ணுவா, எட்டு மணிநேரம் எடுத்ததை ரெண்டு நாள்ல வெட்டிக் குறைன்னா குறைப்பா. முடியாதுன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. "ஒரு பேருடி. ரெண்டு நிமிச வேலை. செக்கு நாட்டுல இருந்து கமுதிக்கு வந்து பாக்கவா போறான்?"

"அவரு பாக்குறாரா இல்லையாங்கிறது இல்ல. அவரு கேட்டது அது ஒண்ணுதான்"னா.

"பேரு இல்லாட்டி என்ன குறைஞ்சு போச்சு அவனுக்கு?"

அதுக்கு என்னைய ஒரு மாதிரிப் பாத்தா. "பேரு இல்லாட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. இதுல இவளுக்கு என்ன தெரியும்? இவ என்ன வயலினா வாசிச்சா? எனக்கு ஒண்ணும் விளங்கல.

மூணு நாள் பேச்சு இல்ல. சரி, நம்மளே எடுத்துருவோம்னு சிஸ்டத்துல உக்காந்தேன். புது வெர்சன்ல எல்லாத்தையும் இடம் மாத்தி வச்சிருக்கானுக. எங்கெங்கயோ அமுக்கி ஒரு வழியா ஒரு பேரை எடுத்துட்டேன். போட்டுப் பாத்தா மிலோஷ் அப்படியே நிக்கிறான், "படத்தொகுப்பு: சௌந்திரபாண்டி"ங்கிறது போயிருச்சு. அதைத் திரும்ப வைக்கத் தெரியல. அவளும் வச்சுக் குடுக்கல.

நாலாம் நாளு வழிவிட்டான் மாமாவே கடைக்கு வந்துட்டாரு. கூடப் பொண்ணோட அப்பா, கையப் பிசைஞ்சுக்கிட்டு. "எடுத்தாச்சா?"ன்னாரு. நான் டீ சொல்லிட்டு வர்றேன்னு வெளிய வந்துட்டேன். பயந்து இல்ல, வந்தவுகளுக்கு டீ குடுக்கணும்ல? டீயோட வந்து பாக்குறேன், வீட்ல மாமாவைச் சேர்ல உக்கார வச்சுப் படத்தைப் போட்டுக்கிட்டு இருக்கா. சீர் வர்ற இடம். சத்தமே இல்லாம.

மாமா தட்டைத் தலையில வச்சு நடந்து வர்றாரு. சத்தம் இல்ல. தங்கச்சி எதிர்ல வந்து நிக்குது. சத்தம் இல்ல. "இதுதான் மாமா, அவரு பேரை எடுத்தா. பேரை எடுத்தா அவரு இசையையும் எடுத்துரணும். அதுதான் முறை"ன்னா. அப்புறம் இசையோட போட்டா.

அண்ணே, நானே அந்த இடத்தை அன்னைக்குத்தான் ஒழுங்காப் பாத்தேன். மாமா ஒரு எட்டு வைக்கிறாரு, அந்த வாத்தியம் ஒரு இழுப்பு இழுக்குது. தங்கச்சி மொகத்தைப் பாத்து அவரு வாய் கோணுது பாருங்க, அழுகையை அடக்குறாரே, அங்க சரியா அந்த இசை மேல ஏறுது. நாப்பது பேரோட பாத்தப்போ தெரியல. இப்பப் பாத்த மனுசன் துண்டை எடுத்து வாயில வச்சுக்கிட்டாரு.

அப்புறம் கேட்டாரு. "வாசிச்சது இந்த ஆளா?"

"ஆமா மாமா."

"எவ்வளவு குடுத்தீக?"

"ஒண்ணும் குடுக்கல. அவரு வாங்குறதில்ல."

"வாங்காம எதுக்குச் செய்யுறான்?"

"செய்யணும்னு தோணியிருக்கு, செஞ்சிருக்காரு. பேரு மட்டும் போடச் சொன்னாரு."

மாமா டீயைக் கையில வச்சுக்கிட்டுக் குடிக்கவே இல்ல. "நான் மட்டும் வேற என்ன கேட்டேன் தாயி? நானும் பேருதான கேட்டேன்"னாரு. அவ, "ஆமா மாமா, உங்க பேரைப் பொடி எழுத்துல போட்டது எங்க தப்புதான். நான் மாத்துறேன்"னா. எனக்குக் கோவம் வந்துச்சு, தப்புன்னு ஏன் ஒத்துக்கிறான்னு. ஆனா மாமா டக்குன்னு இளகிட்டாரு.

அப்பச் சொன்னாரு பாருங்க ஒரு நியாயம். "காசு வாங்காம ஒருத்தன் பொண்ணுக்குச் செஞ்சா அதுக்குப் பேரு சீரு. சீரு செஞ்சவன் பேரை நன்றி வணக்கத்தோட கடைசியில தள்ளுவாகளா? அவனைக் கொண்டாந்து எங்க வரிசையில போடு." பொண்ணோட அப்பா, "மச்சான், அவரு வெள்ளக்காரரு"ங்கிறாரு. "இருக்கட்டுமேய்யா! செஞ்சானா இல்லையா? நீ என்ன செஞ்ச, பந்தியில நின்னு ரசத்துக்குச் சண்டை போட்ட." வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு. "என் பேருக்குக் கீழ போடு தாயி. மேல போட்டுறாத."

போட்டோம்ணே! தாய்மாமன்மார்: வழிவிட்டான், அப்புறம் மத்த மூணு பேரு, அஞ்சாவதா மிலோஷ் ஹ்ராடெக், செக்கு நாடு. ஆளுக்கு ஒரு ஸ்க்ரீன். அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி கறி எடுத்து, மாமா வந்து கை நனைச்சு, பொண்ணோட அம்மா அண்ணன் எலையில நல்லி எலும்பா அள்ளி வைக்குது. இந்தத் தடவை எனக்கும் எலை போட்டாக. மிலோஷ் பேரு வந்தப்போ பிள்ளைக எல்லாம் விசில் அடிக்குது.

வீட்ல அந்தாளுக்கு மெயில்ல எல்லாத்தையும் எழுதிட்டா. பதில் வந்துச்சு. "எனக்கு ரெண்டு அக்கா. ரெண்டு பேரு கல்யாணத்துலயும் என்னை வாசிக்கச் சொல்லல. நீங்க மாமனாவே ஆக்கிட்டீங்க"ன்னு எழுதியிருந்தாரு. அப்புறம், "இதைத் தொகுத்தவரு காது ரொம்ப அருமையான காது, என் வாசிப்பை என்னைவிட நல்லாப் புரிஞ்சு வச்சிருக்காரு, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க"ன்னு இருந்துச்சாம். வீட்ல படிச்சுக் காட்டுனா. எனக்குப் பெருமை தாங்கல. "நன்றின்னு எழுது"ன்னேன். எழுதுனா.

கதை இதோட முடிஞ்சிருக்கணும்ணே. பொங்கலுக்கு அப்புறம் வீட்ல ஒரு வேலை பண்ணுனா. நம்ம படத்துல பேரு வர்ற இடத்துல குத்துவிளக்கு ஏத்துற மாதிரி, கோலம் தானா விரியுற மாதிரி ஒரு டிசைன் போடுவோம். அவ கைப்பட வரைஞ்சது. அதை அப்படியே நெட்டுல ஏத்தி, யாரு வேணா எடுத்துக்கங்கன்னு விட்டுட்டா. ஓசியில! நான் குதிக்கிறேன். "நாலு சாப்ட்வேர், நாப்பது பாட்டு ஓசியில வாங்கியிருக்கோம். நம்மளும் ஒண்ணு குடுப்போமே"ங்கிறா. அதுக்கும் ஒரு லைசென்ஸ் போட்டிருக்கா. கண்டிஷன் என்ன? அதே கண்டிஷன்தான்.

தை மாசக் கல்யாணம் எல்லாம் முடிஞ்சுது. போன வாரம் வழிவிட்டான் மாமா போன் பண்றாரு. "தம்பி, ராமநாதபுரத்துல ஒரு கல்யாணப் படம் பாத்தேன், கடைசியில உன் வீட்டம்மா பேரு தனியா நின்னுச்சப்பா! தூத்துக்குடியில நம்ம சம்பந்தி வீட்டுப் படத்துலயும் இருக்காம்." நான், "ஆமா மாமா, நம்ம டிசைன்தான்"னேன். "அது சரி, உன் படத்துல அந்தப் பிள்ளை பேரு எங்க இருக்கு? நான் ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன், காணோமே"ங்கிறாரு. "சொந்த ஸ்டூடியோவுக்கு எதுக்கு மாமா பேரு"ன்னேன். "அன்னைக்குக் கடையில நான் பாத்தப்போ சிஸ்டத்துல அந்தப் பிள்ளைதான இருந்துச்சு, நீ டீ வாங்கல்ல போன?"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. சூளைக்காரருக்கு எடிட்டிங் பத்தி என்ன தெரியும்?

இருந்தாலும் உறுத்துச்சு. வீட்ல கேட்டேன், "ஏன்டி, நானும் உன் பேரைப் போடணுமா?" அவ வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே, "லைசென்ஸ்ல இருக்கு, படிச்சுப் பாருங்க"ன்னா.

அது இங்கிலீஷ்ல இருக்குண்ணே. வீட்ல இங்கிலீஷ் படிக்கிறது அவ ஒருத்திதான், அவகிட்டயே போய் எப்படிக் கேக்குறது? போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கேன். நீங்க படிச்சவுகளாத் தெரியுறீக, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எழுத்துப் பொடியா இருக்கா? ரெண்டு விரலை வச்சு விரிங்க. ஆங்.

எடுத்துக்கலாம்... மாத்திக்கலாம்... பேரு போடணும். சரி. சொந்தக்காரங்களுக்கு எதுவும் தள்ளுபடி போட்டிருக்கா? புருசனுக்கு? நல்லாப் பாருங்கண்ணே, கீழ ஏதாச்சும் இருக்கும். இல்லையா?

தையில இருந்து பதினோரு படம் குடுத்திருக்கேன். அப்ப ராமநாதபுரத்துக்காரன், தூத்துக்குடிக்காரன் எல்லாம் யோக்கியன். இந்த ஊருலயே கண்டிஷனை மீறுனவன் நான் ஒருத்தன்தானா? மிலோஷுக்கு அத்தனை போராட்டம் பண்ணுன நானு!

இருங்க, ஒரு போன் போட்டுக்கிறேன்.

ஏய், நான்தான். பஸ்ல இருக்கேன். அந்தப் பேரு போடுற இடம் சிஸ்டத்துல எங்க இருக்கு? மிலோஷ் இல்லடி. உன் பேரு. ...உன் பேருதான். டிசைனுக்கு மட்டும் இல்ல. படத்தொகுப்பு. அதுக்கும்.

என்னடி, லைன்ல இருக்கியா?

வச்சிட்டாண்ணே. முதல்ல மூக்கை உறிஞ்சுற சத்தம்தான் கேட்டுச்சு. வெங்காயமா இருக்கும். அப்புறம் சொல்லுறா, "எங்க இருக்குன்னு காட்டித் தர்றேன், ஆனா நீங்கதான் உக்காந்து அடிக்கணும். என் பேரை நானே போட்டுக்க மாட்டேன்"னு. அடிச்சிட்டாப் போச்சு. பதினோரு படத்துக்கும் அடிக்கணும். அதுக்கு முந்துன பதினொரு வருசத்துப் படத்துக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல.

என்ன கேட்டீங்க? அவ பேரா? அட, அருப்புக்கோட்டையில இருந்து பேசிக்கிட்டே வர்றேன், சொல்லவே இல்லையா நான்?

செண்பகவல்லிண்ணே. செண்பகவல்லி. கொஞ்சம் நீளமான பேருதான். தனி ஸ்க்ரீன்லதான் போடணும்.